அப்பாவின் ஒரு வரி வசனம்

எடிட்டராக இருந்த காலத்தில் நான் தயவுதாட்சண்யம் பார்த்ததில்லை. ஒரு டைரக்டர் தன் மாமனாரை நடிக்க வைத்துவிட்டு, வெட்டிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "படத்துக்குத் தேவையில்ல சார்" என்று தூக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பிறகு நானும் டைரக்டரானேன். முதல் படத்தைத் திருவண்ணாமலையிலேயே எடுத்தேன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் அப்பாவுக்கு அதில் ஒரு வரி கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் கதாநாயகி தப்பான பஸ்ஸில் ஏறப் போவாள். பக்கத்தில் நிற்கும் பெரியவர், "இது செங்கம் போவாதும்மா, அடுத்த வண்டியில ஏறு" என்பார். அவ்வளவுதான். மாட்டிடம்கூட அதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று அம்மா சிரித்தாள். சினிமாவில் நடிக்கப்போவதை ஊரில் அவர் சொல்லாத ஆள் இல்லை.

படப்பிடிப்பில் வசனத்தைப் பிசகில்லாமல் சொன்னார். ஆனால் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பொண்ணப் பாருப்பா" என்றேன். தலையாட்டினார். மறுபடியும் என்னையே பார்த்தார். எத்தனை முறை எடுத்தும் அதே கதை. வெயில் ஏறிவிட்டது, பஸ்களை அதற்குமேல் நிறுத்திவைக்க முடியாது. விட்டுவிட்டேன்.

படத்துக்கு எடிட்டர், என்னிடம் தொழில் கற்ற பெண். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, "சார், இது..." என்று இழுத்தாள். "இருக்கட்டுமே" என்றேன். என் வாயிலிருந்தா இது வந்தது என்று கூச்சமாக இருந்தது. கடைசியில் நானே "எடுத்துடும்மா" என்றேன். அவளுக்கு மனசு கேட்கவில்லை. முகத்தை எடுத்துவிட்டு, அப்பாவின் குரலை மட்டும் கதாநாயகியின் முகத்தின்மேல் வைத்தாள். காட்சி முன்பைவிட நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. படம் வந்த அன்று சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்துத் திருவண்ணாமலைத் தியேட்டருக்கு வந்துவிட்டது. அப்பாவின் குரல் கேட்டதும், "இன்னா மாமா, சத்தம் மட்டும் வருது, ஆளக் காணோம்?" என்று அத்தை மகன் கத்தினான்.

"பேசாம படத்தப் பாருடா" என்றார் அப்பா. அதற்கப்புறம் எனக்குத் திரையே சரியாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் என்னைத் தனியாக ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நான் உன்னையே பாத்துனு இருந்தேன்ல, அதனாலதான எடுத்துட்ட?"

"ஆமாம்பா."

"மெட்ராஸ்ல ரூமுக்குள்ள பூந்துக்கினு இத்தினி வருஷமா இன்னாதான் பண்றான்னு நெனப்பேன். அன்னிக்கிதான்டா நீ வேல செய்யறத மொத மொத பாத்தேன். அத உட்டுட்டு அந்தப் பொண்ணப் பாக்கச் சொல்ற."