ஆலமரத்து டப்பா

இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்த பிறகு என் கணவர் வீட்டை விட்டு இறங்கவே மறுத்தார். தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டு, "எதுக்கு நடக்குறோம்னே தெரியல" என்றார்.

பிரான்ஸில் இருக்கும் எங்கள் மகள் இதைக் கேட்டுவிட்டு, அவர் போனில் ஒரு விளையாட்டை இறக்கச் சொன்னாள். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தை விளையாடுகிறவர்களுக்கு மட்டும் போனில் தெரிவிப்பார். தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டுப் பெட்டியைத் திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது. "கொழந்தைங்க ஆட்டம்" என்று முனகியவர், மறுநாள் காலையில் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்.

ஊருக்குள் இருந்த இரண்டைக் கண்டுபிடித்தோம். அடுத்தது ரெட்டியார்பாளையம் தாண்டி ஒரு பழைய தோட்ட வீட்டில் இருப்பதாகக் காட்டியது. பிரெஞ்சுக்காரர் காலத்து வியாபாரக் குடும்பம் கட்டிய வீடு. இப்போது வீட்டைப் பூட்டிவிட்டு, சுற்றியுள்ள மாந்தோப்பையும் குளத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வீட்டின் பின்னால் இருக்கும் ஆலமரத்தைத்தான் போன் காட்டியது. ஒரு வாரமாகப் போய்த் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

ஒருநாள் என் கணவர் மண்டியிட்டு வேர்களுக்கு நடுவே டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். தோட்டம் பெருக்கும் பெண் துடைப்பத்தோடு சற்றுத் தள்ளியே நின்றார்.

"என்னா சார், தெனம் வந்து தேடுறீங்க?"

"சும்மா, பறவ பாக்குறோம்மா."

"பறவ வேருக்குள்ளயா சார் இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை என்று என் கணவர் விளையாட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாறியது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"பச்ச டப்பாவா சார்?"

"ஆமா, போன்ல அப்படித்தான் போட்டிருக்கு. பாத்தியாம்மா?"

"நாந்தான் எடுத்தேன். உள்ள ஒரு குட்டி பொம்ம, ஊக்கு, செவப்புக் கயிறு. தாள் பூரா பேரா எழுதி இருந்துச்சு. யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு நெனச்சேன். மறுநாளே எம் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில போட்டோம். தொட்டதாலதான்னு நான் அழாத நாளில்ல. டப்பாவ மாதா கோயிலுக்கு எடுத்துட்டுப் போயி சாமியார்கிட்ட குடுத்துட்டேன்."

வந்த சிரிப்பு எனக்குள்ளேயே நின்றுவிட்டது. பொண்ணு இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தேறிவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்றார். ஆனால் அன்றிலிருந்து இந்த மரத்தடியைப் பெருக்க அவருக்குக் கை வரவில்லையாம்.

"படிச்சவங்க வெளையாடுறதுக்கு எங்க உசுருதான் கெடச்சுதா சார்?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

என் கணவர் மெல்ல எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். "ஆபரேஷனுக்கு முந்தின நாள் நானும் வாசல்ல பூசணிக்கா ஒடச்சிட்டுத்தாம்மா போனேன். பயம் வந்தா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூவரும் சாமியாரைப் பார்த்தோம். அவர் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தீர்த்தம் தெளித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தார். கோயில் வாசலிலேயே டப்பாவைத் திறந்து, என் கணவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கண்டுபிடிக்கிறவர்கள் ஞாபகத்துக்கு விட்டுப்போகும் சின்னச் சாமான்கள் அவை என்று விளக்கினார். அந்தப் பெண் தாளை மட்டும் வாங்கி, பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தார். "இதுல எங்க பேரு ஒண்ணும் இல்ல" என்றார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாவை ஒளித்துவைத்தவருக்கு என் கணவர் போனிலேயே நடந்ததை எழுதினார். வருத்தப்பட்டுப் பதில் வந்தது. அந்த அம்மா சொல்லும் இடத்தில் வைத்துவிடுங்கள், விளையாட்டில் காட்டும் இடத்தை நான் மாற்றிவிடுகிறேன் என்றிருந்தார்.

அந்தப் பெண் தோட்டத்துக் கிணற்றடித் துவைகல்லின் பின்புறத்தைக் காட்டினார். "மேல தமிழ்ல எழுதி ஒட்டுங்க சார். நாளைக்கி வேற ஒருத்தி எடுத்தா பயப்படக் கூடாதில்ல."

'இது விளையாட்டுப் பெட்டி. பயப்பட வேண்டாம். இங்கேயே வைத்துவிடவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். என் கணவர் தாளில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணையும் போடச் சொன்னோம். வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

இப்போதும் வாரம் இரண்டு முறை அங்கே நடக்கப் போகிறோம். போனைப் பார்த்துக்கொண்டே யாராவது கிணற்றடியைச் சுற்றினால், அந்தப் பெண் எங்களைப் பார்த்து மெல்லத் தலையசைப்பார். டப்பா இருக்கும் இடத்தை மட்டும் அவர் யாருக்கும் சொல்வதில்லை.