ஊட்டியிலிருந்து வந்த பைன் கிளை

தர்மபுரிக் கல்லூரி ஆய்வகத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன ஊசியிலை மரக் கூம்புகளை அமிலத்தில் கரைத்து, அவற்றின் மகரந்தத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஊட்டிக்குப் போய்வந்த துறைத்தலைவர், மகரந்தம் நிறைந்த பைன் கிளை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேலேயே வைத்தார்.

"தூள் கொட்டுமுங்க சார், வேண்டாங்க" என்றேன்.

"அழகுக்கு இருக்கட்டும்மா" என்றார்.

கொட்டியது. புது மகரந்தம் கலந்து கெட்டுப்போன ஸ்லைடுகளைத் தனிப் பெட்டியில் ஒதுக்கினேன். நல்லதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து, அந்தப் பெட்டியையே அவர் எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே என் கட்டுரைகளில் என் பெயரை விழுங்கியவர். அவர் பேசவிருந்த கருத்தரங்குக்காகக் காத்திருந்தேன்.

அன்று நிறைந்த அரங்கில், தன் கண்டுபிடிப்பு என்று அந்த ஸ்லைடைத் திரையில் காட்டினார். நான் எழுந்தேன்.

"கல்லாப் போன மகரந்தம் வெறும் ஓடாத்தானுங்க சார் இருக்கும். இதுக்குள்ள சதை நெறஞ்சு இருக்குதுங்களே?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அது போதவில்லை.

"ஊட்டியிலிருந்து கொண்டாந்த கிளை இன்னும் வாடலீங்களா சார்?"