குஞ்சுகளின் தலைமேல் வெடித்த சரவெடி

எங்கள் கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்கு எந்நேரமும் பாட்டு ஓட வேண்டும். சத்தத்துக்குப் பழகாத குஞ்சு, ஒரு தட்டு விழுந்தாலும் மிரண்டு மூலைக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதற்காக என் வீட்டுக்காரர், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டு வைஃபை வழியாக ஷெட்டு ஸ்பீக்கருக்குப் போகும்படி செய்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

லாரி ஓட்டியவர். சங்ககிரி பக்கம் வண்டி கவிழ்ந்து உயிர் பிழைத்து வந்த பிறகு, நான்தான் அழுது அடம்பிடித்துப் பண்ணை வைக்கச் சொன்னேன். முதல் பேட்ச் நோயில் போனது. இதுவும் போனால் மறுபடி வண்டிதான் என்று சொல்லியிருந்தார். லாரி ஓனரும் அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் ஷெட்டுக்குள் தண்ணீர்க் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. அடுத்த கணம் தலைக்கு மேலே சரவெடி. ஷெட்டு தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். நெருப்பில்லை, புகையில்லை, வெடிச்சத்தம் ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. சத்தம் கூடிக்கொண்டே போனது. குஞ்சுகள் மூலையில் குவிந்தன. மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரி விலக்கினேன். விலக்க விலக்க ஏறின. ஸ்பீக்கர் எட்டாத உயரம். போன் வாசலில். எழுந்து போனால் அடியில் கிடப்பவை சாகும். நான் கத்தியது அந்த வெடிச்சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருப்பதுதான் கண்முன் நின்றது.

ஷெட்டுப் பக்கம் ஏதோ வெடிக்கிறது என்று அவரே பதறி ஓடி வந்தார். ஸ்பீக்கரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கம்ப்யூட்டரில் பாட்டை நிறுத்திவிட்டு, மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் சரவெடி வெடித்த வீடியோவைப் போட்டிருக்கிறார். சத்தம் ஷெட்டுக்குப் போகிறது என்பதை மறந்து, வீட்டில் கேட்கவில்லையே என்று கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

“ஏனுங்க, அதய நிறுத்திப்போட்டுப் பாட்டப் போடுங்க. சத்தமே இல்லாம உட்டா குஞ்சுக அதுக்கும் மெரளும்” என்றேன்.

திரும்பி ஓடினார். பாட்டு வந்தது. குஞ்சுகள் மெல்லப் பிரிந்தன. அடியில் கொஞ்சம் செத்துக் கிடந்தன, மற்றவை பிழைத்தன. அவர் வந்து, செத்தவற்றைப் பக்கெட்டில் எடுத்துப் போட்டார். குஞ்சுகளின் நகம் கீறிய என் கைகளையே பார்த்தார். மறுபடி வண்டிக்கே போய்விடுவாரோ என்பது எனக்கு வெடியைவிடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஓனர் கூப்பிட்டார். வீட்டுக்காரர் போனை எடுத்தார்.

“இல்லீங்க, நான் வரலீங்க. குஞ்சுக்குப் பாட்டுப் போட இங்க ஆள் வேணுமுங்க” என்றார்.