வடக்குச் சுவருக்குள் கேட்ட குரல்

மூன்று வருடங்களுக்கு முன், நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல் தேவாலயத்துக்கு நானும் மச்சாளும் போயிருந்தோம். மச்சாள் என் தம்பியின் மனைவி, மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம்; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். நான் சைவம். பழைய தேவாலயம் என்றால் அவளுக்குப் பைத்தியம். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் வீட்டில் படுத்திருந்த என்னை எழுப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்னேரம்தான், ஆனால் இருட்டத் தொடங்கிவிட்டது. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் நோர்வேப் பெண்மணி கதவைத் திறந்து காட்டினார். எண்ணூறு வருடப் பழமையாம். கையை முழுதாக நீட்டினாலும் மறுபக்கம் எட்டாத தடிப்புச் சுவர்கள். தெற்கில் மட்டும் ஒடுங்கிய சன்னல்கள். வடக்கிலிருந்துதான் கெட்டது வரும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். அதனால் அந்தச் சுவரில் சன்னலே கிடையாது. கையளவு துவாரம் ஒன்று மட்டும் இருந்தது. தொழுநோயாளரை உள்ளே விடாத காலத்தில், அவர்கள் வெளியே நின்று பூசை கேட்க வைத்த துவாரம் என்று ஊரில் சொல்வார்களாம்.

“இது முந்தி எங்கட கோயில்தான் மச்சாள். லூத்தரன் சபை ஆக்கள் பிறகு எடுத்தவை,” என்று மச்சாள் என் காதுக்குள் சொன்னாள்.

அந்தப் பெண்மணி மெழுகுதிரி எடுத்துவர வீட்டுக்குப் போனார். குளிர் வரக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். மச்சாள் முன்னால் முழங்காலில் இருந்து, தமிழில் வாய்விட்டுச் செபம் சொல்லத் தொடங்கினாள். நான் வடக்குச் சுவரோரம் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். பீடத்தடியில் எரிந்த ஒற்றை விளக்கின் வெளிச்சம் என்வரை வரவில்லை.

அப்போதுதான் கேட்டது. மெல்லிய முனகல், சுவருக்குள்ளிருந்து. காற்றாக்கும் என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. ஒரு பெண்ணின் குரல்.

“மச்சாள்... இஞ்சை வாரும்.”

அவள் வந்து சுவரில் காதை வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, “கடவுளே, வாங்கோ போவம்!” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் கதவுக்கு ஓடினோம். உள்பக்கம் இழுத்துத் திறக்கவேண்டிய கதவை, பதற்றத்தில் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை. பின்னால் அந்தக் குரல் இன்னும் சத்தமாக வந்தது. இந்த முறை சொல் விளங்கியது.

“ஃப்ரீசர்... ஃப்ரீசர்...”

நோர்வே மொழியில் குளிருகிறது என்று அர்த்தம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். இந்தச் சொல்லை இதே நடுக்கத்தோடு நாள்தோறும் கேட்கிறேன். என் கை கதவில் நின்றுவிட்டது.

“இது பேயில்லை. ஆரோ மனுசர்!”

கதவை இழுத்துத் திறந்து, போன் வெளிச்சத்தோடு கட்டடத்தைச் சுற்றி ஓடினோம். நூற்றாண்டுக் கணக்கில் இறந்தவர்களைப் புதைத்துப் புதைத்து வடக்குப் பக்கம் நிலம் உயர்ந்துவிட்டது. உள்ளே என் தலைக்கு நேராக இருந்த துவாரம் வெளியே முழங்காலளவில் இருந்தது. அதனடியில் வெள்ளை முடியோடு ஒரு மூதாட்டி கிடந்தார். கணவரின் கல்லறைக்கு வந்தவர், பனிக்கட்டியில் சறுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, மதியத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். உதடு நீலமாகிவிட்டது. நான் ஆம்புலன்சுக்கு அடித்தேன். மச்சாள் சற்றும் யோசிக்காமல் தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தி, தரையில் அவரோடு ஒட்டிப் படுத்து, “ஒண்டும் இல்லை அம்மா, ஒண்டும் இல்லை” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். மச்சாளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. சுவருக்குள்ளிருந்து, தனக்குத் தெரியாத ஏதோ மொழியில் யாரோ முணுமுணுப்பது கேட்டதாம். இறந்தவர்கள்தான் தன்னைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்று பயந்து, கொஞ்ச நேரம் மூச்சுக் காட்டாமல் கிடந்தாராம். குளிர் பயத்தை மிஞ்சிய பிறகுதான் மறுபடி முனகியிருக்கிறார்.

மச்சாள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் அவரைப் பேயென்றும் அவர் எங்களைப் பேயென்றும் நினைத்து நடுங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு உயிர் போயிருக்கும். இப்போதும் வேலையில், இருண்ட அறையிலிருந்து விளங்காத முனகல் கேட்டால் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. ஆனாலும், ஆர் என்ன என்று கேட்காமல் கால் திரும்புவதில்லை.