தலை குனியாத மகாராணி

கட்டலின் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். பியாரிட்ஸ் ஊர்க் கடலில் குளிக்க வரும் சீமாட்டிகளைக் கைப்பிடித்து அலைக்குள் கூட்டிப்போய் முழுசாகக் கரை சேர்ப்பாள். காலையில் சோள ரொட்டியும் பச்சை வெங்காயமும் தின்றுவிட்டு இறங்கினால் குளிர் அவளை அண்டாது. பெரிய அலை வந்தால் "குனிடி!" என்று கத்திப் பிடரியில் கைவைத்து அமுக்குவாள். குனிந்தவளின் தலைக்கு மேலே அலை போய்விடும், நிமிர்ந்து நிற்பவளைத்தான் புரட்டி எடுக்கும். கோடீஸ்வரன் பெண்டாட்டியானாலும் அவளுக்கு 'டி'தான். அலை வரும் நேரத்தில் மரியாதைக்கு எங்கே போவது?

வடக்கே ஒரு குளிர் தேசத்தின் மகாராணி வருஷாவருஷம் அங்கே ஓய்வெடுக்க வருவாள். ஓட்டல் மாடியில் நின்று கடலைப் பார்ப்பதோடு சரி. அந்த வருஷம் குளிக்க ஆசைப்பட்டாள். விரலைத் தவிர எங்கும் தொடக்கூடாது, வாயே திறக்கக்கூடாது என்று அரண்மனை அதிகாரி கட்டலினிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

மகாராணி மணலில் நடந்து வந்தபோது கட்டலினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கறுப்புக் குளியல் உடையில்கூட அப்படி ஒரு நிமிர்வு! அந்தக் கழுத்து யாருக்கும் வளைந்ததே இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் கைக்குள் வந்த விரல்கள் நடுங்கின.

ஆளுயர அலை எழுந்தது. மகாராணி அசையாமல் நின்றாள். கட்டலினின் கை முந்திக்கொண்டது, வாயும்தான்.

இருவரும் முழுசாக எழுந்து கரைக்கு வந்தார்கள். கட்டலினின் தொப்பியிலிருந்த பித்தளை உரிம வில்லையை அதிகாரி அங்கேயே பிடுங்கிக்கொண்டார். வில்லை இல்லாதவள் கடலில் கால் வைக்க முடியாது, அடுப்பும் எரியாது.

மறுநாள் காலை வீட்டில் முடங்கிக் கிடந்தாள். "ராணி கழுத்துலயே கை வெச்சவ. இனி யார் கழுத்துல வெக்கப்போற?" என்று கேலியாகக் கேட்ட புருஷன் பெய்யோ, அவள் அழுவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில் அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்து வில்லையை நீட்டினார். மகாராணி முழங்கால் தண்ணீரில் நிற்கிறாளாம். வேறு யார் கையையும் பிடிக்க மாட்டாளாம்.

கட்டலின் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அலைக்குள் கூட்டிப்போனாள். இன்று விரல்கள் நடுங்கவில்லை. தூரத்தில் அலை திரண்டது.

"குனிங்க, மகாராணி," என்றாள் பயபக்தியோடு.

கழுத்து வளையவில்லை. "நேத்து அப்படிச் சொல்லலையே நீ," என்றாள் மகாராணி, அலையைப் பார்த்தபடியே.

கட்டலின் திரும்பிப் பார்த்தாள். கரையில் அதிகாரி நிற்கிறார், வில்லை தொப்பியில் இருக்கிறது. அலையோ தலைக்கு மேல் வந்துவிட்டது.

"குனிடி!"

மகாராணி குனிந்தாள்.