ஊதாக் கல்லுக்கு எந்தப் பத்தி?

போன திங்கட்கிழமை ஆபீஸுக்குள் நுழைந்தால் ஜெயசீலி மேடம் மேஜையில் ஒரு புதுக் கல். கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில், கத்தரிப்பூ நிறத்தில், ஒரு சின்னக் கொய்யாக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

“அமெதிஸ்ட் சார். பையன் பெங்களூர்லேர்ந்து வாங்கியாந்தான். டென்ஷன் கொறையுமாம். கூடவே ஏதோ ஒரு ஊதுபத்தி ஏத்தணுமாம். அது எதுன்னு சொல்லாம வுட்டுட்டான். சிதம்பரத்துல உங்க மச்சான் கல்லுக் கடைதானே வச்சிருக்காரு? கேட்டுச் சொல்லுங்களேன்.”

ஜெயசீலி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். “கல்லுக்குப் புகை போடறது உங்க ஃபாதருக்குத் தெரியுமா?” என்று சீண்டினேன்.

“எங்க சர்ச்லயும் சாம்பிராணி உண்டு சார். புகைக்கு என்ன மதம்?”

சரியான பதில். மச்சானின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, “அவரு தெரியாதுன்னுதான் சொல்லுவாரு. தப்பா எடுத்துக்காதீங்க” என்றேன். கல்லுக் கடைக்காரருக்குக் கல்லைப் பற்றித் தெரியாதா? ஜெயசீலி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் பார்வைக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இன்று அது முடியாது போலிருக்கிறது...

மச்சான் என்றால் ராஜேந்திரன், என் மனைவி மலரின் அண்ணன். சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டியில் கற்கள், இன்னொரு பக்கம் ஊதுபத்தி, சாம்பிராணி, குங்கிலியம். கோயிலில் ஸ்படிக லிங்க அபிஷேகம் பார்த்துவிட்டு வருகிற கூட்டத்தில் கொஞ்சம் பேராவது, கண்ணில் அந்தக் குளிர்ச்சி போவதற்குள் இவர் கடை வாசலில் நிற்பார்கள்.

அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, சனிக்கு நீலம் என்பதெல்லாம் அவருக்கு வாய்ப்பாடு. பிறகு புதுக் கற்கள் வந்தன — ரோஸ் குவார்ட்ஸ், டைகர் ஐ, அமெதிஸ்ட். அவற்றையும் தமிழ்ப்படுத்திக் கொண்டார். ஸ்படிகம் மனச்சூட்டைத் தணிக்கும், அதற்குச் சந்தனப் பத்தி. ரோஸ் குவார்ட்ஸ் புருஷன் பெண்டாட்டி ஒற்றுமைக்கு, அதற்கு ரோஜா. புலிக்கண் கல் இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, அதற்குக் குங்கிலியம். அமெதிஸ்ட் தூக்கத்துக்கும், குடியை விடுவதற்கும். அதற்கு லாவண்டர். கீரப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா தன் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் அமெதிஸ்ட்டைத் தைத்தே வைத்துவிட்டார். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேதான் டாஸ்மாக் போனாராம்.

“கல்லு ஒடம்பு மாதிரி மாப்ள. புகைதான் அதுக்கு மூச்சு. ரெண்டும் சேந்தாத்தான் வேலை செய்யும்” என்பார் மச்சான்.

“நெஜமாவா மச்சான்?” என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததில்லை. நீங்கள் மட்டும் யோசித்திருப்பீர்களா?

அவருக்கு ஒரே பெண். நந்தினி. காலேஜில் இரண்டாம் வருஷம். சத்தமாகச் சிரிக்கிற பெண். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் திறப்பாள்.

அந்த வருஷம் மழை விட்ட பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். மறுநாளே டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் குறைகிறது என்றார்கள். மச்சான் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. கடையை அப்படியே பூட்டிவிட்டு, கார் பிடித்து, பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இதைச் சொல்ல வேண்டும். ஒரு தகப்பன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அவர் செய்தார்.

நாங்கள் இருக்கிற கடலூரிலிருந்து பாண்டிச்சேரி பக்கம்தானே. நானும் மலரும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவோம். அப்படிப் போன ஒரு மத்தியானம், ஐசியூ வாசலில் நான் ஃப்ளாஸ்க்கோடு நிற்கிறேன். மச்சான் மனைவி சுமதியக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“ஏங்க, மாத்துத் துணி எடுத்தாற ஊருக்குப் போறீங்கள்ல... அப்பிடியே கடையத் தொறந்து நல்ல கல்லா ஒண்ணு எடுத்தாந்துடுங்க. தலமாட்டுல வைக்கலாம். எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

மச்சான் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

“கல்லு என்ன பண்ணும் சுமதி? டாக்டருங்க பாத்துக்குவாங்க. சும்மா இரு.”

நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். புத்தியுள்ள எந்த மனுஷனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

நந்தினி பிழைக்கவில்லை.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. காரியம் முடிந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் சாப்பிட்டு எழுந்து பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிக் கொண்டிருந்தார்கள். மச்சான் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துக் கொண்டிருந்தார். சுமதியக்கா அவர் முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“ஒண்ணு கேக்கணும். கல்லு என்ன பண்ணும்னு சொன்னீங்களே. அது ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுதா, முன்னாடியே தெரியுமா?”

மச்சான் கையில் நாற்காலியோடு நின்றார்.

“முன்னாடியே தெரிஞ்சுதான் ஊருல இருக்கறவங்க புள்ளைங்களுக்கெல்லாம் குடுத்தீங்களா? அவ்ளோ அக்கறையா, இந்தக் கல்லுக்கு இந்தப் பத்தின்னு சொல்லிச் சொல்லிக் குடுப்பீங்களே. எம் புள்ளைக்கு ஒண்ணு, பொய்க்காவது, எடுத்தாந்து வைக்கத் தோணலையா?”

இதற்கு என்ன பதில் இருக்கிறது? ‘ஆமாம், தெரியும்’ என்றால் இத்தனை வருஷம் விற்றது பொய். ‘தெரியாது’ என்றால் பெற்ற பெண்ணுக்கு ஏன் வைக்கவில்லை? சுமதியக்கா உள்ளே போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. வீட்டில் அக்கா சமைப்பார், பரிமாறுவார், துணி துவைப்பார். பேச மாட்டார்.

மச்சான் மறுபடி கடை திறந்தார். ஆனால் பழைய பேச்சு போய்விட்டது. யாராவது ஒரு கல்லைக் காட்டி, “இது எதுக்குங்க?” என்று கேட்டால், “ஊதாக் கலர் கல்லுங்க” என்பார். “இதுங்க?” “அது பச்சைக் கல்லு.” கல்லின் நிறத்தைத் தெரிந்துகொள்ளவா மனுஷன் கடைக்கு வருகிறான்? வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். ஊதுபத்தி மட்டும் ஓடியது.

“எதுக்கு மச்சான் இப்பிடி? ஏதாவது ரெண்டு வார்த்தை சொல்லி வித்தாத்தான் என்ன?” என்று கேட்டேன்.

“வாய் வர்ல மாப்ள” என்றார். அவ்வளவுதான்.

சுமதியக்கா வீட்டில் நந்தினியின் அறையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மலர்தான் பயந்தாள். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய்க் கடையில் உட்கார வைத்தாள். “அண்ணி, இந்தப் பத்திக் கட்டெல்லாம் பிரிச்சு அடுக்கிக் குடுங்க. அண்ணனால ஒண்டியா முடியல.” என்ன தோன்றியதோ, மறுநாள் அக்காவாகவே போனார். அதற்கு மறுநாளும்.

ஒரே கடை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர். பேச்சு கிடையாது. சந்தனப் பத்தி தீர்ந்துவிட்டால் அக்கா வாடிக்கையாளரிடம் சொல்லுவார்: “மேல் தட்டுல இருக்கான்னு அவரக் கேளும்மா.” அந்தப் பெண் திரும்பி, மூன்றடி தள்ளி நிற்கிற மச்சானிடம் கேட்கும். மச்சான் எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுப்பார். அந்தப் பெண் அக்காவிடம் கொடுக்கும். வெளியூர்க்காரர்கள் இதைக் குடும்பச் சண்டை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தேன். குமராட்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயல் வேலை செய்கிற கை. முடியை அள்ளி முடிந்திருந்தார், பூ இல்லை. மச்சானிடம் போய், “தூக்கம் வர்றதுக்கு ஒரு ஊதாக் கல்லு இருக்காமே. டிவியில சொன்னாங்க” என்றார்.

“எத்தினி நாளா தூக்கம் இல்லம்மா?”

“எம் புள்ள போனதுலேர்ந்து. கொள்ளிடத்துல குளிக்கப் போனான்...”

மச்சான் மெதுவாகச் சொன்னார்.

“அதுக்குக் கல்லு இல்லம்மா.”

உண்மைதான். ஆனால் அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? எங்கே போவார்? கண்ணாடிப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“இல்லன்னு கேக்கறதுக்கா மினி பஸ் புடிச்சு வந்தேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அந்தப் பக்கம் ஸ்டூல் நகர்கிற சத்தம். சுமதியக்கா எழுந்து வந்தார். மச்சானைத் தாண்டிக் கையை விட்டு, பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஊதாக் கல்லை எடுத்தார். அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“பொய் சொல்ல மாட்டேம்மா. இது புள்ளைய கொண்டாந்து தராது. தூக்கமும் தருமான்னு எனக்குத் தெரியாது. மொதல்ல சில்லுன்னு இருக்கும். மூடியே வச்சிரு, நம்ம சூடு கொஞ்சம் கொஞ்சமா அதுக்கு ஏறும். வெறும் கையா இருக்கறதுக்குப் பதிலா, ஏதோ ஒண்ணு கையில இருக்கும். அவ்ளோதான்.”

அந்த அம்மா கையைப் பார்த்தார்.

“சாயங்காலம் வெளக்கு வச்சதும் ஒரு பத்தி கொளுத்து. அது எரியற வரைக்கும் நல்லா அழு. யாரு சொன்னாலும் நிறுத்தாத. அணைஞ்சதும் எழுந்து சோறாக்கு. நீயும் சாப்புடு.”

“எந்தப் பத்திம்மா?”

“உம் புள்ளைக்கு எந்த வாசனை புடிக்கும்?”

அந்த அம்மா யோசித்தார். “அவனுக்கு எந்தப் பத்தியும் ஆவாது. கொளுத்துனாலே தும்முவான். தும்மித் தும்மிக் கண்ணு செவந்துடும். வெள்ளிக்கெழம ஆனா எனக்கும் அவனுக்கும் சண்டதான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது.

“அப்ப ஜாஸ்தி தும்மல் வர்ற பத்தியா பாத்து எடுத்துக்க” என்றார் சுமதியக்கா. அவர் முகத்திலும் லேசாக ஒரு சிரிப்பு. நந்தினி போன பிறகு அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான்.

“உனக்கு எப்பிடிம்மா இதெல்லாம் தெரியும்?”

“எனக்கும் ஒருத்தி இருந்தா.”

மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஏற்கனவே நேராக இருந்த சாம்பிராணி டப்பாக்களை நேராக்கிக் கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. நான் தெருவைப் பார்த்தேன்.

அந்த அம்மா போன பிறகு சுமதியக்கா தன் ஸ்டூலுக்குத் திரும்பினார். உட்காராமல் நின்றபடியே, நேராக அவரைப் பார்த்துச் சொன்னார்.

“கல்லு கேட்டு வர்றவங்கள வெறுங்கையோட அனுப்பாதீங்க.”

காரியம் நடந்த நாளுக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. மச்சான் திரும்பாமலேயே கேட்டார். “என்ன சொல்லிக் குடுக்கறது?”

“தெரியாதுன்னு சொல்லிக் குடுங்க.”

அன்றிலிருந்து அப்படித்தான். “அந்தக் காலத்துல இதுக்கு இப்பிடி ஒரு அர்த்தம் சொல்லுவாங்க. இந்தப் பத்தி கூட ஏத்துவாங்க. நெஜமான்னு எனக்குத் தெரியாது. கையில வச்சுப் பாருங்க, புடிச்சா எடுத்துக்குங்க” என்பார். அப்படிச் சொல்லியும் வாங்கிப் போகிறார்கள். பழைய கூட்டம் இல்லை. பரவாயில்லை என்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். ஆகவில்லை. ஆகாது. தினமும் காலையில் இரண்டு பேருமாகக் கடைக்கு நடக்கிறார்கள். தேங்காய் இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாச்சா என்கிற அளவுக்குப் பேச்சு. நந்தினியின் அறைக் கதவு மூடியேதான் இருக்கிறது.

பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அடுப்படியில் மலர் மெதுவாகக் கேட்டாளாம். “அண்ணி, அண்ணன மன்னிச்சிட்டீங்களா?”

சுமதியக்கா கரும்பை நறுக்கிக்கொண்டே சொன்னாராம்: “அவரு என்ன தப்பு பண்ணாரு மலரு, மன்னிக்கறதுக்கு? கடவுள் மேல கோவப்பட்டேன், பதிலே வர்ல. டாக்டருங்க பாவம், அவுங்களும் அழுதாங்க. கோவப்படறதுக்குப் பக்கத்துல இவரு ஒருத்தருதான் இருந்தாரு. ஓடாம நின்னாரு.”

உங்கள் வீட்டிலும் யாராவது காரணமே இல்லாமல் உங்கள் மேல் எரிந்து விழுந்தால் — பதில் தேடாதீர்கள், கொஞ்ச நாள் பக்கத்திலேயே நில்லுங்கள்.