படம் ஓட்டிய அறையில் ஒரு தாலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கார்த்திகை மாதம், மலாயாவின் மூவாரில் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம். விடிவதற்குள் பேய்மழை. தெருவில் போட்ட பந்தல் சரிந்துவிட்டது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கோயிலிலும் அதே கதி. பெக்கோக்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே வந்து இறங்கியிருந்தார்கள்.

"சகுனமே சரியில்லீங்க. தையில பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. அடுத்தது மார்கழி, அதில் யார் தாலி கட்டுவார்கள்? இன்று நின்றால் இந்தச் சம்பந்தமே கைநழுவிப் போய்விடும் என்று அம்மாவுக்குப் பட்டுவிட்டது. அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

தெருமுனை மேட்டில் ஒரு படக்கொட்டகை இருந்தது. ஊமைப்படம் ஓடிய காலத்தில் நானும் அங்கே விசிலடித்தவன்தான். பேசும் படம் வந்ததும் புது மெஷினுக்கு வழியில்லாமல், அதன் முதலாளியான சீனத் தவுக்கே நாற்காலிகளை விற்றுவிட்டு, ரப்பர் ஷீட் அடுக்கும் கிடங்காக மாற்றிவிட்டார். அப்பாவும் நானும் நனைந்துகொண்டே அவரிடம் ஓடினோம். கேட்டதுமே சாவியை எடுத்தார். ஐயர் ஓமம் வளர்ப்பார் என்று அப்பா சொன்னதும் சாவி சட்டைப்பைக்குத் திரும்பிவிட்டது.

"ஆப்பி தா போலே" என்றார் மலாயில். நெருப்பு கூடாதாம். கூரைவரை ரப்பர், அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அப்பா கும்பிட்ட கையோடு அங்கேயே நின்றார், நகரவில்லை. தவுக்கே அவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று விரலை மேலே நீட்டினார். மாடியில் படம் ஓட்டிய அறை. அந்தக் காலத்துப் படச்சுருள் லேசில் தீப்பிடிக்குமாம். அதனால் செங்கல் சுவர் எழுப்பி, கதவுக்குத் தகரம் அடித்து, புகை போகக் குழாயும் வைத்திருந்தார். அங்கே "போலே", அதாவது செய்யலாம் என்றார்.

அந்த அறையில் ஐயர், மணமக்கள், பெற்றோர்கள் மட்டும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாசலில் மணல் வாளியோடு தவுக்கே. மற்றவர்கள் எல்லாம் கீழே ரப்பர் நாற்றத்தில், வெள்ளைத்திரை இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே அந்த அறைச் சுவரில் படத்தின் வெளிச்சம் வர விட்டிருந்த ஓட்டையையே அண்ணாந்து பார்த்தோம். எப்போது கொட்டுவது என்று மேளக்காரருக்கும் தெரியவில்லை. திடீரென்று அந்த ஓட்டையில் தவுக்கேயின் முகம். எங்கே கற்றாரோ, தமிழிலேயே "கொட்டு, கொட்டு" என்றார்.

தாலி ஏறிய பிறகுதான் கெட்டிமேளம் கொட்டியது, யார் கவலைப்பட்டார்கள்? அட்சதையை ஓட்டையைப் பார்த்து வீசினோம், பாதி எங்கள் தலையிலேயே விழுந்தது. முதலில் வீசியது மாப்பிள்ளையின் அத்தைதான்.

அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். "மொதல்ல நெருப்ப நல்லா அணைக்கச் சொல்லுங்க. அந்த மனுசன் நல்லா இருக்கணும்" என்றாள்.

அவருக்கு நாங்கள் யாரோ. அன்றிலிருந்து, உதவி என்று யார் வந்து நின்றாலும், முடியாது என்ற சொல் என் வாய்வரை வந்தாலும், வேறு வழி உண்டா என்று ஒரு தடவை யோசித்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.